மருந்து மாறிப்போய் நோயாளி இறந்துவிட்டால், அந்தக் குற்ற உணர்வோடு ஒரு நர்ஸ் எப்படி வாழ்வது?

"உன் தப்பே இல்லை" என்ற ஆறுதல் மனதில் ஒட்டாது. கையில் ஊசியைப் பிடித்திருந்தவருக்கு நடந்தது தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் பாதி உண்மைதான்.

உடலில் பொட்டாசியம் குறைந்தால் ஏற்றும் மருந்தான பொட்டாசியம் குளோரைடையே எடுத்துக்கொள்ளுங்கள். கலந்து நீர்க்கச் செய்யாமல் நேரே ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பார்க்கவோ தண்ணீர் மாதிரி இருக்கும். பக்கத்துத் தட்டில் உள்ள சலைன் (உப்புநீர்) மருந்துக் குப்பியும் அப்படியே. நடுராத்திரியில் ஒரே ஆள் பல படுக்கைகளுக்கு ஓடும்போது கை மாறிப்போய்ப் பல நாடுகளில் உயிர்கள் போயிருக்கின்றன. 'கவனமாக இரு' என்ற கண்டிப்பு இதற்குப் போதாது. அதனால்தான் அந்த அடர் கரைசலை வார்டில் வைக்கவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. அதை அங்கே வைத்தவர்களுக்கும் இந்தச் சாவில் பங்கு உண்டு. உங்கள் பங்கை மட்டும் சுமந்தால் போதும், அதுவே கனமானதுதான்.

சரி, இப்போது என்ன செய்வது? நடந்ததை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். குடும்பத்திடம் உண்மையைச் சொல்லும்படி மருத்துவமனையை வற்புறுத்துங்கள். மறைத்த உண்மை குற்ற உணர்வை ஆறவே விடாது. அந்த நிமிடம் மனதில் திரும்பத் திரும்ப ஓடும், தூக்கம் போகும். இதே வேலையில் பழுத்த ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள். வாரக்கணக்கில் தணியாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

செத்துவிடலாம் என்று தோன்றினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற இந்திய அரசின் மனநல உதவி எண். எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.