புல்மோட்டை மணலும் பொன்னின் சிவப்பும்

அன்புள்ள ஐயா,

நான் உவர்மலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். கடைகளில் எல்லாப் பொருளிலும் 'நனோ' என்று அச்சிட்டிருப்பதால், அது வெறும் விளம்பரம் என்று மாணவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அன்றாட வாழ்விலும் கலையிலும் மருத்துவத்திலும் அதற்கு மெய்யான பயன் உண்டா? வெயில்காப்புக் களிம்பு ஆபத்தானதா என்றும் கேட்கிறார்கள்.

ஓர் ஆசிரியை, திருகோணமலை

அன்புள்ள ஆசிரியைக்கு,

புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலிலிருந்து தொடங்குங்கள். அதிலுள்ள இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். அதைச் சுத்திகரித்துப் பெறும் தைத்தேனியம் டயொக்சைட்டின் துணிக்கைகள் 200 முதல் 300 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு) வரை இருக்கும்போது ஒளியை நன்றாகச் சிதறடித்துச் சுவர்ப்பூச்சுக்கு வெண்மை தருகின்றன. 100 நனோமீற்றருக்குக் கீழே சிறுத்தாலோ கட்புலனாகும் ஒளியைப் போகவிட்டுப் புறஊதாக் கதிரைத் தடுக்கின்றன. முகத்தில் வெள்ளை படியாத களிம்பு இப்படித்தான் கிடைக்கிறது. எங்கே 'நனோ' என்று கண்டாலும், துணிக்கை சிறுத்ததால் எந்தக் குணம் மாறியது என்று மாணவர்கள் கேட்கட்டும். விடை கிடைக்காவிட்டால் அவர்களுடைய ஐயம் நியாயமானதே. அந்த மணலின் பெரும்பகுதி இன்னும் மூலப்பொருளாகவே கப்பலேறுவது எனக்குத் தீராத மனக்குறை.

பொன் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். ஏறத்தாழ 20 நனோமீற்றர் அளவான பொன் துணிக்கைகள் நீரில் பரவியிருக்கும்போது மாணிக்கச் சிவப்பாகத் தெரிகின்றன. பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள 4ஆம் நூற்றாண்டு உரோமானியப் படைப்பான லைக்கர்கஸ் கிண்ணம், வெளியே ஒளி பட்டால் பச்சையாகவும் ஒளி ஊடுருவினால் சிவப்பாகவும் தோன்றுவதற்கு, அதன் கண்ணாடியில் கலந்துள்ள பொன், வெள்ளி நுண்துணிக்கைகளே காரணம். பாமசியில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டிகள் பலவற்றில் தோன்றும் கோடும் அதே பொன்னின் சிவப்புத்தான்: துணிக்கைகளில் ஒட்டியுள்ள பிறபொருளெதிரிகள் (குறித்த ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) சிறுநீரிலுள்ள ஓமோனைப் பற்றிக்கொண்டு பட்டியில் ஊர்ந்து, கோட்டுக்குரிய இடத்தில் சிக்கித் திரள்வதால் நிறம் தெரிகிறது.

மருத்துவத்தில் 1995இல் அமெரிக்கா அனுமதித்த டொக்சில் முக்கியமானது. டொக்ஸோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்தை ஏறத்தாழ 100 நனோமீற்றர் கொழுப்புக் குமிழ்களுக்குள் அடைத்ததால், அம்மருந்து இதயத்துக்குச் செய்யும் கேடு குறைந்தது. கோவிட் காலத்தில் நம்மில் பலர் ஏற்றிக்கொண்ட பைசர் தடுப்பூசியிலும், கலத்துக்கான செய்முறைக் குறிப்பைச் சுமக்கும், எளிதில் சிதையும் மூலக்கூறான ஆர்.என்.ஏ.யைக் காத்துக் கலத்துக்குள் சேர்ப்பது கொழுப்பு நனோத்துணிக்கைதான்.

களிம்பைப் பொறுத்தவரை, ஆரோக்கியமான தோலில் பூசும் தைத்தேனியம் டயொக்சைட்டு மேல்தோலைத் தாண்டி உட்செல்வதில்லை என்பதே ஆய்வுகளின் பொதுவான முடிவு. உணவில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடைசெய்தது. நுண்துணிக்கையை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல. ஆகவே மாணவர்கள் களிம்பைப் பூசிக்கொள்ளலாம், விசிறும் வகையை வாங்க வேண்டாம்.