நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி காலைகளில் தோட்டங்களின் மேல் படிவது பனியா, புகையா?

இரண்டும்தான். வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் பனி என்று சொல்லிவிடுவது நம் பழக்கம்.

நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் உச்சியில் இல்லை. பிதுருதலாகல போன்ற மலைகள் சூழ்ந்த கிண்ணம் அது. மேகமற்ற இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது; சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதன் மேல் சற்று வெப்பமான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடிகளையும் கருக்கும் துகள் உறைபனிக்கும், விறகடுப்புப் புகையும் வாகனப் புகையும் மேலே போக முடியாமல் தங்குவதற்கும் காரணம் இதே தேக்கம். வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி கலைகிறது. காலை நடைக்குச் செல்பவர்கள் அதுவரை பொறுக்கலாம். வெறும் மூடுபனிக்கு வாசனை கிடையாது. தொண்டை கரகரத்தால் அதில் புகை கலந்திருக்கக்கூடும்.

எல்லாம் உள்ளூர்ப் புகையும் அல்ல. வடகீழ்ப் பருவத்தில் இந்தியப் பக்கமிருந்து வரும் காற்று தூசையும் சுமந்து வருகிறது. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலின்போது இலங்கையின் பல நகரங்களில் காற்று மாசடைந்து, பாடசாலைகளுக்கே விடுமுறை விட்டார்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றும் மழையும் காற்றைக் கழுவிவிடும். சுற்றுலாப் பயணிகள் முணுமுணுக்கும் அந்த ஈர மாதங்களில்தான் மூச்சுவிடச் சுகம் என்பது என் கட்சி.