பி-38 கிட்டில் வால் பொருந்தவில்லையா? புட்டியைத் தொடாதீர்கள்

கோயம்புத்தூர் வாசகர் ஒருவரின் கேள்வி: "1/48 அளவில் பி-38ஜே லைட்னிங் என்ற இரட்டை என்ஜின் அமெரிக்கப் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றைப் பழைய கிட்கள் விற்பவரிடம் வாங்கினேன். 'அரிய கிட், இனி கிடைக்காது' என்று சொல்லி நல்ல விலை வாங்கிவிட்டார். இரண்டு பூம்களையும் (என்ஜினிலிருந்து வால் வரை நீளும் பக்கத் தண்டுகள்) இறக்கையோடு ஒட்டி முடித்தேன். இப்போது பின்னால் கிடைமட்ட வால் பொருந்த மறுக்கிறது. ஒரு பூம் மற்றதைவிட 2 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. புட்டி போட்டு நிரப்பிவிடு, இல்லையென்றால் ரெசின் செட் (தனியாக விற்கிற ரெசின் பாகங்கள்) வாங்கு என்கிறார் விற்றவர். மூக்கில் எவ்வளவு எடை வைப்பது என்பதும் தெரியவில்லை. மேலே ஒட்டுகிற சின்னங்களும் எண்களும் கொண்ட டெக்கால் தாள் வேறு மஞ்சளாகியிருக்கிறது. இதைக் காப்பாற்ற முடியுமா?"

முடியும். பெரிதாகக் காசு செலவழிக்காமலேயே முடியும். ஆனால் விற்றவர் சொன்ன இரண்டு வழியும் வேண்டாம். புட்டி என்பது இடைவெளியை அடைப்பதற்கு. உங்களுக்கு வந்திருப்பது கோணப் பிரச்சினை. பூம் இறக்கையில் சேரும் இடத்தில் ஒரு டிகிரி சாய்ந்தால் போதும், 12 சென்டிமீட்டர் தள்ளி வால் முனையில் அது 2 மில்லிமீட்டராகிவிடும். நீங்கள் அளந்து சொன்னது ஏறக்குறைய அதுதான். வாலில் தெரிகிற கோளாறின் வேர் இறக்கையில் இருக்கிறது.

சாதாரணப் போர் விமானத்துக்கு உடல் ஒன்று, அதன் பின்னால் வால். இறக்கையில் கொஞ்சம் பிசகினாலும் வாலைத் தனியாகச் சரி செய்துகொள்ளலாம். பி-38-இல் அது நடக்காது. நடுவில் விமானி உட்காரும் கூடு, இரண்டு பக்கமும் என்ஜினைத் தாங்கும் பூம், பின்னால் இரண்டையும் கட்டுகிற ஒரே கிடைமட்ட வால். கயிற்றுக் கட்டிலின் சட்டம் மாதிரி, ஒரு மூலை தூக்கினால் எதிர்மூலை நோகும். போதாததற்கு, முக்கியச் சக்கரங்கள் இரண்டும் பூமிலிருந்துதான் இறங்குகின்றன. வாலைப் புட்டியால் சமாளித்து ஒட்டிவிட்டால் நாளைக்கு ஒரு சக்கரம் தரையைத் தொடாது. அதற்கும் ஒரு மருந்து விற்க ஆள் வருவார்.

முதலில் பூமே முறுக்கிக்கொண்டிருக்கிறதா, ஒட்டிய இடம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் கிராஃப் தாளை ஒட்டுங்கள். இறக்கையின் இரண்டு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்கும்படி கீழே நாணயங்களை அடுக்கி மாடலை வையுங்கள். நேர் எதிரே, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பின்னாலிருந்து பாருங்கள். செங்குத்து வால்கள் இரண்டும் நிமிர்ந்து நின்று, ஒன்று மட்டும் மொத்தமாக உயர்ந்திருந்தால் ஒட்டிய இடத்தில்தான் பிழை. ஒரு செங்குத்து வால் சாய்ந்திருந்தால் பூம் முறுக்கியிருக்கிறது. பழைய பெட்டியில் பல ஆண்டு நசுங்கிக் கிடந்த பாகங்களில் முறுக்கு சகஜம்.

முறுக்கு என்றால் சுடுதண்ணீர் போதும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், கை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றுகிற சூடு. பூமின் பின்பாதியை அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்து, எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். ஒரே முறையில் வராது. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

ஒட்டிய இடம் தவறு என்றால் பிரிக்க வேண்டியதுதான். எதில் ஒட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது வழி. ஃபெவிக்விக் வகைப் பசை என்றால் மாடலை ஒரு கவரில் போட்டு ஃப்ரீசரில் சில மணி நேரம் வையுங்கள். அந்தப் பசை குளிரில் மொறுமொறுப்பாகிவிடும், மெல்ல அசைத்தால் விட்டுவிடும். டியூபில் வரும் பிளாஸ்டிக் சிமென்ட்டும் சில சமயம் இப்படி விடும். தண்ணீர் போல் ஓடுகிற எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் என்றால் ஃப்ரீசரை நம்பாதீர்கள், அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றோடொன்று உருக்கிச் சேர்த்திருக்கிறது. அதே சிமென்ட்டைப் பிரஷ்ஷால் கோட்டின் மேல் திரும்பத் திரும்பத் தடவி இளகச் செய்யுங்கள். இளகவில்லை என்றால் ரேஸர் ரம்பத்தால் ஒட்டிய கோட்டின் மேலேயே அறுங்கள். அசிட்டோனும் நகப்பாலிஷ் ரிமூவரும் கிட்டவே வர வேண்டாம், பாகத்தின் விளிம்பையே தின்றுவிடும்.

பிரித்த பிறகு மறுபடி ஒட்டுகிற வரிசைதான் இந்தக் கிட்டின் உயிர். பெட்டியில் வருகிற வழிகாட்டி ஒரு படியில் பூம், பிறகு வேறொரு படியில் வால் என்று பிரித்துச் சொல்லும். அப்படியே பின்பற்றினால் இந்த இடத்துக்குத்தான் வருவீர்கள். இரண்டு பூம்களையும் கிடைமட்ட வாலையும் பசையில்லாமல் மாஸ்கிங் டேப்பால் முழுச் சட்டமாகக் கட்டுங்கள். அதை இறக்கையில் வைத்துப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். பொருந்துகிறது என்று உறுதியான பின் இறக்கை இணைப்பில் மட்டும் டியூப் சிமென்ட் வையுங்கள். இங்கே எக்ஸ்ட்ரா தின் வேண்டாம், நொடியில் பிடித்துக்கொள்ளும், உங்களுக்கு அசைத்துத் திருத்தப் பத்து நிமிடமாவது வேண்டும். வால் பசையில்லாமல் இடத்தில் இருக்கட்டும், அதுதான் உங்கள் அளவுகோல். கிராஃப் தாளின் கோடுகளுக்கு நேராக நிறுத்தி, குழந்தைகளின் லெகோ கட்டைகளை இரு பக்கமும் சுவராக வைத்து ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். மறுநாள் வாலை ஒட்டலாம்.

ரெசின் செட்டைப் பற்றி இரண்டே வரி. காக்பிட் செட், சக்கர அறை செட், என்ஜின் செட் எல்லாம் அழகுக்கு. சாய்ந்த பூமை நிமிர்த்துகிற ரெசின் எதுவும் கிடையாது.

எடை விஷயம். பி-38 மூக்குச் சக்கரத்தில் நிற்கிற விமானம். மாடலில் பூமும் வாலும் பின்னால் நீண்டிருப்பதால் எடை வைக்காவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். இத்தனை கிராம் என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் கிட்டின் பிளாஸ்டிக் கனத்தைப் பொறுத்து மாறும். எல்லாப் பாகங்களையும் டேப்பால் கட்டி, முக்கியச் சக்கரம் வரும் கோட்டுக்குக் கீழே ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். மூக்கு தானாகத் தரையைத் தொடும் வரை முன்பக்கம் எடையைச் சேருங்கள், அப்புறம் பெயிண்டுக்கும் டெக்காலுக்கும் என்று இன்னும் கொஞ்சம். எவ்வளவு முன்னால் வைக்கிறீர்களோ அவ்வளவு குறைவாக வைத்தால் போதும். துப்பாக்கிகள் இருக்கிற மூக்கு அறைதான் முதல் இடம், அது நிறைந்துவிட்டால் புரொபல்லரின் நடுவில் இருக்கிற கூம்பான ஸ்பின்னருக்குள்ளும் என்ஜின் கவரின் முன்பகுதியிலும் வையுங்கள்.

தூண்டில் சாமான் கடையில் கிடைக்கிற ஈயக் குண்டு இதற்கு நன்றாக இருக்கும். ஆனால் அதை ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் ஒட்டவே ஒட்டாதீர்கள். அந்தப் பசையிலிருந்து வெளிவரும் அமிலம் ஈயத்தை அரிக்கும், ஈயம் வெள்ளைப் பொடியாகப் பூத்துப் பருக்கும். உடனே தெரியாது. சில ஆண்டுகள் கழித்து, பெயிண்ட் அடித்து அலமாரியில் வைத்த மாடலின் மூக்கு ஒட்டிய கோட்டோடு பிளந்து நிற்கும். எபாக்ஸியோ சூப்பர் க்ளூவோ போடுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஈயம் விஷம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் ஏமாந்தவர்கள் ஏராளம். பி-38-இன் இரண்டு புரொபல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை. விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் இடது பக்கத்தது இடஞ்சுழியாகவும் வலது பக்கத்தது வலஞ்சுழியாகவும் சுற்றும், அதாவது மேலே வருகிற பிளேடு வெளிப்பக்கம் போகும். அதனால் பிளேடுகளின் முறுக்கும் எதிரெதிர். பாகங்கள் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவில் பார்க்க ஒன்று போலவே இருக்கும். பாக எண்ணைப் பார்க்காமல் வெட்டி ஒரே டப்பாவில் போட்டுவிட்டால் பிறகு பிரித்தறிவது கஷ்டம். வெட்டும்போதே டேப்பில் இடது, வலது என்று எழுதி ஒட்டுங்கள்.

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. 1940-இல் பிரிட்டனும் பிரான்ஸும் இந்த விமானத்தை ஆர்டர் செய்தபோது, தங்களிடம் இருந்த கர்ட்டிஸ் விமானங்களின் என்ஜினோடு ஒத்துப்போக வேண்டும் என்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தரும் டர்போ சார்ஜர் இல்லாமல், இரண்டு என்ஜினும் ஒரே பக்கம் சுற்றும்படி கேட்டார்கள். அதுதான் லைட்னிங் 1. பிரான்ஸ் வீழ்ந்துவிட்டது, பிரிட்டன் தலையில் மொத்த ஆர்டரும் விழுந்தது. ஓட்டிப் பார்த்த பிரிட்டிஷ் விமானப்படைக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவற்றில் பெரும்பகுதியை அமெரிக்க விமானப்படையே எடுத்துக்கொண்டு பி-322 என்ற பெயரில் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. ஆகவே பிரிட்டிஷ் வட்டச் சின்னம் போட்டு லைட்னிங் 1 செய்கிறவர், இரண்டு வலது புரொபல்லரைப் போட வேண்டும், பூமின் மேலே தெரிகிற டர்போ சார்ஜரை எடுத்துவிட வேண்டும். பிரிட்டிஷ் டெக்கால் தாளைத் தனியாக விற்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. சாதாரண பி-38ஜே மேல் அந்த டெக்காலை ஒட்டி 'ராயல் ஏர்ஃபோர்ஸ் லைட்னிங்' என்று காட்சிக்கு வைத்துவிடுகிறார்கள். எஞ்சின் கவரின் கீழே தாடை போல் துருத்தும் காற்று வாய் ஜே மாடலில்தான் வந்தது, அதை வைத்தே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். உங்களுடையது ஜே என்பதால் உங்களுக்கு இது பொருந்தாது. ஆனாலும் அப்படி ஒரு தாளை யாராவது உங்களிடம் தள்ளப் பார்த்தால் வாங்கிவிடாதீர்கள்.

இப்போது அந்த 'அரிய கிட்'. ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் முப்பது, நாற்பது ஆண்டுகளில் வேறு வேறு கம்பெனிப் பெட்டிகளில் வருவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். பெட்டிப் படம் மாறும், டெக்கால் மாறும், உள்ளே இருப்பது அதே அச்சு. பழைய பெட்டியைக் காட்டிக் கிடைக்காத சரக்கு என்பவரிடம், ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் அந்தக் கிட்டின் பெயரைப் போட்டு அச்சின் வரலாற்றைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். எந்த ஆண்டு அச்சு, எந்தெந்தப் பெட்டியில் வந்தது என்று வரிசையாகக் காட்டும். 1/48-இல் பி-38-க்கு 2019-இல் ஜப்பானியக் கம்பெனி தமியா புதிய அச்சே கொண்டுவந்துவிட்டது, மூக்கில் வைக்க உலோகக் குண்டுகளையும் பெட்டியிலேயே தருகிறார்கள். அந்தப் பெட்டி எஃப், ஜி வகை, பிறகு உங்கள் ஜே வகையையும் தனிப் பெட்டியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய அச்சுக்கு அரிய விலை கொடுக்க இனி என்ன காரணம் இருக்கிறது?

இந்த விற்பனையாளர்கள் இப்படி விளையாட முடிவதற்குக் காரணம் நம் வரி. ஸ்கேல் மாடல்களும் பொம்மைகளும் சுங்கப் பட்டியலில் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. பொம்மைக்கான இறக்குமதி வரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70 ஆக்கினார்கள். மலிவான, தரமில்லாத பொம்மைகளைத் தடுக்க வேண்டும் என்றார்கள். சரி, தடுக்கட்டும். பெட்டியின் மேலேயே 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அச்சிட்ட, கத்தியும் கரைப்பானும் இல்லாமல் செய்ய முடியாத ஒரு பொருளைக் கிலுகிலுப்பையோடு சேர்த்து எடை போடுவது என்ன நியாயம்? இதே மாதிரிக் கிட்டை இங்கே தயாரிக்கிறவர் யாராவது இருந்து அவரைக் காப்பாற்றுகிறார்கள் என்றாலாவது புரியும். நேர்மையாக இறக்குமதி செய்கிற சின்னக் கடைக்காரர்தான் ஒதுங்கிப் போகிறார். அந்த இடத்தில் பில் இல்லாமல் விற்கிறவர் வந்து உட்காருகிறார்.

அவர் சொல்லும் இரண்டு வார்த்தைகளை நம்பாதீர்கள். ஒன்று, 'கிஃப்ட் என்று எழுதி வரவழைக்கிறேன், வரி கிடையாது.' அந்தச் சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும்தான் விட்டுவைத்தார்கள். உங்கள் பெயரில் வருகிற பார்சலில் பொய் எழுதியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இரண்டு, 'விலையில் பாதி வரிக்கே போய்விட்டது சார்.' அப்படியானால் பில் ஆஃப் என்ட்ரி என்கிற சுங்க இறக்குமதி ஆவணத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். கூரியரில் வந்ததற்கும் அது உண்டு, கட்டிய வரி அதில் இருக்கும். காட்ட முடியாதவர் வரி கட்டவில்லை, அல்லது நீங்கள் கொடுத்ததைவிட மிகக் குறைவாகக் கட்டியிருக்கிறார். இரண்டில் எதுவானாலும் அடுத்த தடவை அவரிடம் போகாதீர்கள்.

கடைசியாக டெக்கால். மஞ்சள் நிறம் பெரும்பாலும் மேலே இருக்கிற வார்னிஷ் படலத்தில்தான். தாளை ஈரம் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் விழுகிற ஜன்னல் கண்ணாடியில் படம் வெளியே தெரியும்படி ஒட்டி வையுங்கள். சில நாளில் வெளுக்கத் தொடங்கும், ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். அதன் பிறகு மாடலில் தேவைப்படாத ஒரு சின்ன எண்ணை மட்டும் வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முழுசாக நழுவி வந்தால் கவலையில்லை. துண்டு துண்டாக உடைந்தால் மீதித் தாள் முழுவதற்கும் கிளியர் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து நன்றாகக் காய விடுங்கள். வார்னிஷ் எல்லாப் படங்களையும் ஒரே படலமாகச் சேர்த்துவிடும் என்பதால், ஒவ்வொரு படத்தையும் அதன் விளிம்பை ஒட்டித் தனித்தனியாக வெட்டிய பிறகே தண்ணீரில் போட வேண்டும்.