வீட்டில் பிள்ளை பராமரிப்பு: ஒன்ராறியோவில் உரிமத்தின் கீழ் வருவதா, இப்படியே தொடர்வதா?

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்கார்பரோவில் உங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அயலவர்களின் இரண்டு பிள்ளைகளை நாளொன்றுக்கு 45 டொலர் வீதம் பார்த்து வருவதாகவும், உங்கள் சொந்தப் பிள்ளைகளில் இளையவனுக்கு இரண்டு வயதும் மூத்தவளுக்கு ஐந்து வயதும் ஆகின்றன என்றும், கணவர் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குகிறார், மாமியாரும் உடன் இருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். முடிவில், "லைசென்ஸ் எடுப்பதா, வேண்டாமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்குள் இரண்டு மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், அவற்றை முதலில் பிரித்துக்கொள்வோம்.

ஒன்ராறியோவில் தனியொருவருடைய வீட்டுக்கு நேரடியாக உரிமம் வழங்கப்படுவதில்லை. உரிமம் வைத்திருப்பது வீட்டுப் பராமரிப்பு முகவர் நிலையம். நீங்கள் அதனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, அதன் மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள். ஆகவே "உரிமம் எடுக்கலாமா" என்பதைவிட, "இந்த முகவர் நிலையத்துடன் சேரலாமா" என்பதே உங்கள் முன்னால் உள்ள உண்மையான கேள்வி. ஒரே உரிமச் சட்டத்தின் கீழ் இயங்கினாலும் நிலையத்துக்கு நிலையம் கொடுப்பனவும் நடைமுறையும் வேறுபடும் என்பதால், பதிலும் நிலையத்துக்கு நிலையம் மாறும்.

அடுத்து, நம்மவர்கள் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் மூன்று விடயங்கள் உள்ளன. முதலாவது, உரிமம் இல்லாமல் பிள்ளை பார்ப்பது தன்னளவில் சட்டவிரோதம் அன்று. 2015 ஓகஸ்ட் 31 முதல் நடைமுறையில் உள்ள 2014ஆம் ஆண்டுப் பிள்ளை பராமரிப்பு மற்றும் ஆரம்பகால ஆண்டுகள் சட்டம், உரிமமற்றவர் 13 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வரை பார்க்க அனுமதிக்கிறது. அவர்களில் இரண்டு வயதுக்குட்பட்டோர் மூவருக்கு மேல் இருக்கக்கூடாது, நான்கு வயதுக்குட்பட்ட சொந்தப் பிள்ளையும் கணக்கில் சேரும். இரண்டாவது, உரிமமற்றவர்கள் தங்கள் சேவை மாகாண அரசின் உரிமம் பெற்றதன்று என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் பதிவை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். அந்தத் தாளை நீங்கள் கொடுத்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லையென்றால், மற்ற எதையும் யோசிப்பதற்கு முன் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். மூன்றாவது, வருமான வரி. உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருமானத்தைக் காட்டியே ஆகவேண்டும். "லைசென்ஸ் எடுத்தால்தானே வரி" என்று சொல்பவர்களின் பேச்சை நம்பவேண்டாம்.

எண்ணிக்கை வரம்பை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2013ஆம் ஆண்டு, ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள வான் (Vaughan) நகரில், அளவுக்கு மீறிப் பிள்ளைகளை வைத்திருந்த உரிமமற்ற வீடொன்றில் ஒரு சின்னப் பிள்ளை உயிரிழந்தது. அதையடுத்து, அரச அமைப்புகள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் மாகாண ஒம்புட்ஸ்மன் 2014இல் கடுமையான அறிக்கை ஒன்றை வெளியிட்டார்; இன்றைய சட்டம் அந்தச் சூழலில் வந்தது. மீறினால் நீதிமன்றம் விதிக்கக்கூடிய தண்டம் 250,000 டொலர் வரை செல்லும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். உரிமமற்ற நிலையில் ஐவரில் உங்கள் இளையவன் ஓர் இடத்தைப் பிடித்துவிடுகிறான், மிச்சம் நான்கு. முகவர் நிலையத்தின் கீழ் வந்தால் வரம்பு ஆறு. அப்போதும் அவன் ஓரிடம் பிடிக்க, மிச்சம் ஐந்து. மூத்தவள் இரண்டிலும் கணக்கில் இல்லை. ஆக, உரிமத்தால் உங்களுக்குக் கூடுவது ஒரே ஓர் இடம். இன்று நீங்கள் பார்ப்பதோ இரண்டே பிள்ளைகள். இருக்கும் நான்கு இடங்களே நிரம்பாதபோது ஐந்தாவது இடத்துக்காக உரிமத்தை நாடுவதில் பொருள் இல்லை. நாடுவதற்கு வேறு காரணம் இருக்கிறது.

அந்தக் காரணம் கட்டணம். 2022 மார்ச்சில் ஒன்ராறியோ மத்திய அரசுடன் கையெழுத்திட்ட கனடா தழுவிய பிள்ளை பராமரிப்புத் திட்டத்தின்படி, 2025 ஜனவரி முதல், திட்டத்தில் சேர்ந்துள்ள உரிமம் பெற்ற இடங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோர் செலுத்தும் அடிப்படைக் கட்டணம் நாளொன்றுக்கு 22 டொலரைத் தாண்டக்கூடாது. எஞ்சியதை அரசு நிதி ஈடுசெய்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான கட்டண மானியமும் உரிமமற்ற வீட்டுப் பராமரிப்புக்குக் கிடைக்காது. உங்களிடம் 45 டொலர் கொடுக்கும் பெற்றோர் உங்கள் அன்புக்காகவும், பிள்ளை தமிழ் கேட்டு வளர்வதற்காகவும் கொடுக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், பக்கத்துத் தெருவில் 22 டொலருக்கு ஓரிடம் திறக்கும் நாளில் அவர்களுடைய வீட்டுக் கணக்கும் மாறும். அப்படி நடந்தால் அவர்களை நொந்துகொள்ள முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. முகவர் நிலையம் உரிமம் பெற்றிருப்பதாலேயே உங்கள் வீட்டின் புதிய இடங்கள் அந்தக் கட்டணத் திட்டத்துக்குள் தாமாக வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். நிலையத்துடன் பேசும்போது முதற்கேள்வியாக இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு உங்கள் கைக்கு வருவது எவ்வளவு, பிள்ளை நோயுற்று வராத நாளுக்கும் அரச விடுமுறைக்கும் கொடுப்பனவு உண்டா, இடம் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில் என்ன நடக்கும், நீங்கள் நோயுற்றால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், ஒப்பந்தத்திலிருந்து விலகினால் இப்போதிருக்கும் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்கத் தடை ஏதும் உண்டா என்று கேட்கவேண்டும். நாட்கூலியை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பது தவறு. ஆண்டில் வார நாட்கள் 260 அளவில் வரும். அவற்றில் எத்தனை நாட்களுக்கு, எத்தனை பிள்ளைகளுக்கு உண்மையில் பணம் கிடைக்கும் என்று பெருக்கிப் பார்த்தால்தான் இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

நீங்கள் அதிகம் அஞ்சியிருப்பது வீட்டுச் சோதனையைப் பற்றி. நிலையத்தின் வருகையாளர் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார், சொல்லாமலும் வரக்கூடும். புகை, காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவிகள், தீயணைப்புப் பயிற்சி, மருந்துகளும் சுத்திகரிப்புத் திரவங்களும் பூட்டப்பட்டிருத்தல், குழந்தைகள் உறங்கும் இடம், உணவுப் பட்டியல், ஒவ்வாமை விபரம் ஆகிய அனைத்தையும் பார்ப்பார். நீங்கள் கைக்குழந்தைகளுக்கான உயிர்காப்புப் பயிற்சி அடங்கிய முதலுதவிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். சோறும் பருப்பும் கீரையும் கொடுப்பதற்கு எவரும் தடை சொல்வதில்லை. இவை எல்லாம் ஒரு மாத உழைப்பில் சரிசெய்யக்கூடியவை.

என் கணிப்பில், உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது வேறு இரண்டு. முழுநாள் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளை, காலநிலை இடங்கொடுக்கும்வரை, நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் வெளியே விளையாடக் கொண்டுசெல்ல வேண்டும். ஜனவரியில் ஐந்து சிறுவர்களுக்குப் பனியுடையும் சப்பாத்தும் கையுறையும் மாட்டி முடிப்பதற்குள் முதலில் உடுத்தியவனுக்குக் கழிப்பறைக்குப் போகவேண்டி வரும். இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் ஒவ்வொரு நாளும் அதைச் செய்கிறார்கள்.

மற்றது உங்கள் குடும்பம். வீட்டில் வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், சிறுவர்களுடன் பழகுவோருக்கான சிறப்புப் பொலிஸ் பின்னணிச் சோதனைக்கு உட்படவேண்டும். உங்கள் கணவரும் மாமியாரும் அதற்குள் அடங்குவர். வீட்டின் பெரியவரிடம் பொலிஸ் பத்திரம் கேட்பது நம் குடும்பங்களில் மனத்தாங்கலை உண்டாக்கும் என்பதை அறிவேன்; எல்லோருக்கும் பொதுவான விதி இது, தனிப்பட்ட சந்தேகம் அன்று என்பதை முன்கூட்டியே, நீங்களே, அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். கணவரின் உறக்கத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். இரண்டு பிள்ளைகளின் சத்தத்தைத் தாங்கும் வீடு ஐந்து பிள்ளைகளின் சத்தத்தைத் தாங்குமா என்று அவரிடம்தான் கேட்கவேண்டும். வீடு வாடகை வீடாயின் உரிமையாளரின் சம்மதத்தையும், சொந்த வீடாயின் காப்புறுதி நிறுவனத்தின் எழுத்துமூலமான பதிலையும் பெறாமல் ஓர் அடியும் எடுத்துவைக்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, முகவர் நிலையத்துடன் சேர்ந்தாலும் பொதுவாக நீங்கள் சுயதொழில் புரிபவராகவே கருதப்படுவீர்கள். கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு ஊழியர் பங்கையும் முதலாளி பங்கையும் நீங்களே கட்டவேண்டும். இரண்டும் சேர்ந்து 11.9 வீதம். வேலையிழப்புக் காப்புறுதியின் வழக்கமான கொடுப்பனவும் கிடையாது. மறுபுறம், வீட்டு வாடகை அல்லது ஈட்டுக்கடன் வட்டி, மின்சாரம், உணவு, விளையாட்டுப் பொருட்கள் ஆகியவற்றில் தொழிலுக்குரிய பங்கை வருமானத்திலிருந்து கழிக்கலாம். பெற்றோருக்கு உங்கள் சமூகக் காப்புறுதி இலக்கத்துடன் பற்றுச்சீட்டுக் கொடுத்தால், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,000 டொலர் வரை அவர்களால் வரிக்கழிவு கோரமுடியும். பற்றுச்சீட்டுக் கொடுக்கத் தயங்கி, கையில் காசாகவே வாங்கும் பழக்கம் பிற்காலத்தில் உங்களையே தாக்கும்; வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி பார்ப்பது வரிப்பத்திரத்தை.

யாழ்ப்பாணத்தில் நான்கு ஆண்டுகள் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தீர்கள் என்று கடிதத்தின் கடைசியில், ஏதோ தேவையற்ற செய்தி போல எழுதியிருந்தீர்கள். என் பார்வையில் கடிதத்தின் முக்கியமான வரி அதுதான். வீட்டுப் பராமரிப்பாளராக இருக்க ஆரம்பகாலப் பிள்ளைக் கல்வியாளர் பதிவு தேவையில்லை. ஆனால் இளையவன் முழுநாள் பாடசாலைக்குப் போகத் தொடங்கும்போது, நீங்கள் ஒரு பராமரிப்பு நிலையத்திலோ பாடசாலை மழலையர் வகுப்பிலோ வேலை தேடுவதற்கு அந்தப் பதிவு பெரிதும் உதவும். சென்டெனியல் கல்லூரி போன்றவற்றில் இரண்டு ஆண்டு டிப்ளோமா உண்டு. வெளிநாட்டில் பெற்ற கல்வியை, அந்தப் பதிவை வழங்கும் அமைப்பான ஆரம்பகாலப் பிள்ளைக் கல்வியாளர் கல்லூரி (பெயரில் கல்லூரி இருந்தாலும் படிக்கும் இடம் அன்று) தனித்தனியாக மதிப்பிடும் வழியும் உண்டு. ஊரிலிருந்து சான்றிதழ்களின் மூலப்பிரதிகளை இப்போதே வரவழைத்து மொழிபெயர்க்க ஏற்பாடு செய்யுங்கள். எந்த முடிவெடுத்தாலும் அவை தேவைப்படும்.

என் கருத்தைக் கேட்டால், அந்தத் துறையில் தொடர விரும்புகிறீர்களென்றால் முகவர் நிலையத்துடன் சேருங்கள் என்பேன். மேற்பார்வையின் கீழ் செய்த வேலைக்குச் சான்று இருக்கும், பரிந்துரைக்க ஒருவர் இருப்பார். இளையவன் பாடசாலை செல்லும்வரை வீட்டோடு இருந்து கொஞ்சம் சம்பாதித்தால் போதும் என்றால், இரண்டு பிள்ளைகளுடன், எழுத்துமூல அறிவித்தலும் பற்றுச்சீட்டும் முதலுதவிச் சான்றிதழுமாக இப்படியே நேர்மையாகத் தொடர்வதிலும் குறையொன்றும் இல்லை. இரண்டுக்கும் இடையில் நிற்பதாகத் தோன்றினால், குறைந்தது இரண்டு முகவர் நிலையங்களை அழைத்து மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள். அவர்களுடன் ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு பராமரிப்பாளரிடம் நேரில் பேசவும் வாய்ப்புக் கேளுங்கள். அந்தப் பதில்களுடனும் கணவருடனும் வந்தால், 260 நாள் கணக்கை மேசையில் வைத்து மூவருமாகப் போட்டுப் பார்ப்போம்.