பழைய கூபே வாங்கலாமா? மார்த்தாண்டத்துத் தம்பிக்கு ஒரு பதில்

அன்புத் தம்பி,

துபாய்க்கு வந்து எட்டு மாதத்தில் லைசென்ஸ் எடுத்துவிட்டதாகவும், 2010ஆம் ஆண்டின் நிசான் 370இசட் என்ற இரண்டு கதவுக் கூபே ஒன்று, மேனுவல் கியர் வண்டி, 35,000 திர்ஹத்துக்குக் கிடைப்பதாகவும் எழுதி, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஆசை எனக்குப் புதிதல்ல. தக்கலையிலிருந்து 2006இல் இங்கு வந்த நானும் அப்படியொரு பழைய கூபேயை வாங்கி நான்கு ஆண்டுகள் ஓட்டியவன்.

விலையைக் கொடுத்த பிறகும் அதில் பாதித் தொகை கையில் மிஞ்சும் என்றால் வாங்குங்கள். கடன்பட்டுத்தான் வாங்க வேண்டுமென்றால் இந்த ஆண்டு வேண்டாம். காரணம் இங்குள்ள வெயில். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் குடும்பங்களை அறிந்த உங்களுக்கு, வெயிலில் கிடந்த ரப்பர் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து கோடைகளைத் திறந்தவெளியில் கழித்த வண்டியில், அது குறைவாகவே ஓடியிருந்தாலும், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரின் குழாய்களும், இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களும், என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளும் காய்ந்து வெடித்திருக்கும்.

ஒரு ஜூலை மாலையில் ஷார்ஜா சாலை நெரிசலில் என் வண்டியின் வெப்பமானி முள் மெல்ல மேலேறியது. ஏசி வழியாக ஓர் இனிப்பு வாசம் வந்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதியில் முடியளவு விரிசல் விட்டு, பச்சை நீர் தாரில் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் அப்போது வீட்டுப்பணி நடந்துகொண்டிருந்தது. அந்த மாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்ப முடியாமல் போனது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

நீங்கள் பார்த்திருக்கும் மாடலுக்கே உரிய குறைகளும் உண்டு. தொடக்க ஆண்டுகளின் 3.7 லிட்டர் என்ஜினில், முன்பக்க மூடிக்குப் பின்னால் எண்ணெய் செல்லும் வழியைக் கசியாமல் மூடும் கேஸ்கட் காகிதத்தால் ஆனது. அது கிழிந்தால் எண்ணெய் அழுத்தம் இறங்கும். அந்த வண்டியில் எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் முள் இருக்கிறதே தவிர அழுத்தத்தைக் காட்டும் முள் இல்லை. ஆகவே என்ஜின் நன்கு சூடான பிறகு மெக்கானிக்கைத் தனியாக ஒரு கேஜ் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்ச் பெடலை அமுக்கினால் அது மேலே வராமல் கீழேயே தங்குகிறதா என்றும் கவனியுங்கள், ஏனென்றால் அந்த கிளட்ச் சிலிண்டர் கியர்பாக்ஸ் உறைக்குள்ளே இருப்பதால் அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்து ஆண்டு கடந்த டயர் இங்கு விதிமீறல், பாசிங் எனப்படும் வண்டிச் சோதனையிலும் தேறாது. அமெரிக்காவில் விபத்துக்குப் பின் ஏலம்போன வண்டிகள் நிறைய இங்கு வருவதால், வண்டியின் பதிவு அட்டையான முல்கியாவை மட்டும் நம்பாமல், முன் ஃபெண்டர் (முன்சக்கரத்தின் மேலுள்ள தகடு) போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வளைகுடா நாடுகளுக்கென்றே தயாரான ஜிசிசி வண்டியாக, சைலன்சர் முதலிய எதையும் மாற்றாததாக இருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேசுங்கள்.

பின்னாளில் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் வேண்டாம். பழைய கார் இந்தியாவுக்குள் வர வலப்பக்க ஸ்டியரிங் வேண்டும், தயாராகி மூன்றாண்டுக்குள்ளும் இருக்க வேண்டும். 370இசட்டில் இருக்கைகள் இரண்டே என்பதையும், அடுத்த ஆண்டு மனைவியையும் குழந்தையையும் அழைத்துவரப் போவதாக நீங்களே எழுதியதையும் சேர்த்து யோசியுங்கள்.

சனிக்கிழமை பார்க்கப் போவதானால், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்குமாறு விற்பவரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கிய என்ஜின் பல சத்தங்களை மறைத்துவிடும். நேரத்தைச் சொன்னால் நானும் ஷார்ஜாவிலிருந்து வந்துவிடுகிறேன்.