ஆலையின் பம்பு, மோட்டார்களை டேட்டாபேஸில் எப்படி அடுக்குவது? எத்தனை மட்டம் வைக்கலாம்?

மட்டத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் இடத்தையும் இயந்திரத்தையும் பிரியுங்கள். இப்போது எல்லாம் ஒரே டேபிளில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பி-101ஏ என்பது ஓர் இடத்தின் பெயர். அங்கே இருக்கும் மோட்டாருக்குத் தனி சீரியல் எண் உண்டு. எரிந்தால் அது ரீவைண்டிங் (காயில் மாற்றிச் சுற்ற) போகும், ஸ்டோரிலிருந்து ஸ்பேர் ஏறும், திரும்பி வந்தது வேறு பம்பில் ஏறும். ஒரே டேபிள் என்றால் பழைய மோட்டாரின் வரலாறு புதியதன் தலையில் விழும்.

மூன்று டேபிள் போதும். இடம்: ஐடி, பேரன்ட் ஐடி (அது எந்த இடத்துக்குக் கீழே வருகிறது என்பது), டேக் எண் (பி-101ஏ மாதிரி). இயந்திரம்: ஐடி, வகை, சீரியல் எண். பொருத்தல்: இரண்டு ஐடியும், ஏறிய தேதி, இறங்கிய தேதி. இறங்கிய தேதி காலியாக உள்ள வரி ஓர் இயந்திரத்துக்கு ஒன்றுதான் இருக்கலாம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் பார்ஷியல் யுனிக் இண்டெக்ஸ் (குறிப்பிட்ட வரிகளில் மட்டும் ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு) போட்டால் அதுவே இரண்டாவதைத் தடுத்துவிடும். ஒர்க் ஆர்டரில் (பராமரிப்பு வேலைச் சீட்டில்) இடம், இயந்திரம் இரண்டின் ஐடியும் வேண்டும். எந்த மோட்டார் போட்டாலும் அங்கே பேரிங் போகிறதென்றால் அலைன்மென்ட்டையோ ஃபவுண்டேஷனையோ பாருங்கள். ஒரே மோட்டார் போன இடமெல்லாம் படுத்தால் கோளாறு அதில்தான்.

டேக் எண்ணை பிரைமரி கீயாக (வரியை அடையாளம் காட்டும் நிலையான எண்ணாக) வைக்காதீர்கள், ஆலை விரிவாக்கத்தில் அது மாறும். ஒரு யூனிட்டுக்குக் கீழே இருப்பதையெல்லாம் எடுக்க, மட்டம் மட்டமாகத் தானே கீழிறங்கித் தேடும் ரிகர்சிவ் குவெரி போதும் (மைஎஸ்கியூஎல் என்றால் 8.0 முதல்). எது எதற்குக் கீழே என்பதையெல்லாம் முன்கூட்டியே தனி டேபிளில் எழுதிவைக்கச் சொல்லும் க்ளோஷர் டேபிள்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சில ஆயிரம் வரிக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் ஓர் இடம் தன் கீழுள்ள இடத்துக்கே பிள்ளையாகிவிடாமல் தடுக்க ஒரு ட்ரிக்கர் (வரி மாறும்போது தானே ஓடிச் சரிபார்க்கும் நிரல்) கட்டாயம்.

இனி மட்டம்: ஐஎஸ்ஓ 14224 என்ற சர்வதேசத் தரநிலை ஒன்பது சொல்கிறது. அது எண்ணெய், எரிவாயுத் துறைக்கு எழுதியது. மேல் இரண்டும் (தொழில்துறை, அதன் பிரிவு) ஒற்றை ஆலைக்கு வீண். கீழே, கழற்றி ரிப்பேர் செய்து வேறிடத்தில் மாட்டும் பொருளோடு நிறுத்துங்கள். 6309 மாதிரி பேரிங்கெல்லாம் ஸ்பேர் லிஸ்டில் இருக்கட்டும்.

கேட்காத ஒன்று: பெயின்ட் அடிப்பவர்கள் நேம் பிளேட்டையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். சீரியல் எண் தெரியாமல் 'என்ஏ' என்று போடுவார்கள், சீரியல் எண்ணுக்கு யுனிக் கட்டுப்பாடு இருந்தால் இரண்டாவது 'என்ஏ'வைத் தடுக்கும், அடுத்தது 'என்ஏ1' ஆகும். காலியாக விட அனுமதியுங்கள். பெயின்ட் ஒர்க் ஆர்டரிலேயே நேம் பிளேட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லி எழுதிவிடுங்கள்.