5ஜி பெயரிடல் வரைவு: கேளுங்கோ, பதில் தாறன்

ஏஎம்எப் (போனின்ர இணைப்பையும் நடமாட்டத்தையும் பார்க்கிறது), எஸ்எம்எப் (டேற்றா அமர்வைப் பார்க்கிறது), என்ஆர்எப் (மற்றச் செயற்பாடுகளின்ர பதிவேடு) மாதிரி 5ஜி மையச் செயற்பாடுகளுக்கு எப்பிடிப் பெயர் வைக்கிறது எண்ட வரைவு கருத்துக்கு வந்திருக்கு. அது சொல்லுற ஒழுங்கு: இடம், வகை, தயாரிப்பாளர், எண். நடுவில கீழ்க்கோடு. இடமும் தயாரிப்பாளரும் பெயருக்குள்ள வேண்டாம், கீழ்க்கோடும் வேண்டாம் எண்டுறது என்ர கருத்து.

கொக்குவில்: கீழ்க்கோடு போட்டால் என்ன, அண்ணை?
ஹோஸ்ட் பெயருக்கு (வலையமைப்பில ஒரு கணினிக்கு வைக்கிற பெயர்) எழுத்து, இலக்கம், இடைக்கோடு மட்டும்தான். டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கிற சேவை) கீழ்க்கோட்டை ஏற்றாலும் பாதுகாப்புச் சான்றிதழ் குடுக்கிற இடத்தில மறுப்பினம். இடைக்கோடு முதலிலயும் கடைசியிலயும் வரக்கூடாது.

நல்லூர்: எங்கட மொபைல் கொம்பனிக் குறி (எம்என்சி) 02. அப்பிடியே எழுதலாமோ?
எழுதாதேங்கோ. 3ஜிபிபி (மொபைல் தரங்களை எழுதிற அமைப்பு) 23.003 ஆவணத்தின் படி முன்னால சைபர் சேர்த்து மூண்டு இலக்கமாக்க வேணும்: எம்என்சி002, பக்கத்தில இலங்கைக் குறி எம்சிசி413. நீங்கள் 02 எண்டு பதிஞ்சால், வெளிநாட்டு வலையமைப்பு 002ஐத் தேடி, அப்பிடியொரு பெயர் இல்லை எண்ட பதிலோட நிக்கும். உள்ளூர்ச் சோதனை எல்லாம் பச்சை காட்டும், ரோமிங் மட்டும் விழும். வரைவில இந்த வரியே இல்லை. முதல் கருத்தாக இதை அனுப்புங்கோ.

மானிப்பாய்: பெயர் எவ்வளவு நீளலாம்?
இரண்டு புள்ளிக்கு நடுவில 63 எழுத்து, முழுப்பெயர் 253. 5ஜிசி தொடக்கம் ஓஆர்ஜி வரையான வாலே (5gc.mnc002.mcc413.3gppnetwork.org) புள்ளியும் சேர்த்து 33 எழுத்து.

சுன்னாகம்: இடக்குறியை ஏன் எதிர்க்கிறியள்? இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடிச்சால் பெயரைப் பார்த்தே எங்கயெண்டு தெரியுமே.
தெரியும் எண்டு நினைப்பியள், அதுதான் கரைச்சல். எஸ்எம்எப் இண்டைக்கு ஒரு மென்பொருள் பிரதி. யாழ்ப்பாணத்து சேர்வர் படுத்தால் கொழும்பில எழும்பும், பெயர் மட்டும் யாழ்ப்பாணம் எண்டே நிக்கும். நீங்கள் ஆளை இஞ்ச சேர்வர் ரக் திறக்க அனுப்புவியள். என்ஆர்எப்பில பதியிற விபரத்தில லொக்காலிட்டி எண்டு ஒரு புலமே இருக்கு. இடத்தை அதில போட்டு, அலாரத் திரையில பெயருக்குப் பக்கத்தில காட்டுங்கோ.

சாவகச்சேரி: அப்ப அலைபேசிக் கோபுரத்துக்கும் இடக்குறி வேண்டாமோ?
கோபுரம் நடந்து போகாது. அதுக்குத் தாராளமாப் போடுங்கோ. வரைவு இரண்டையும் ஒரே சட்டிக்குள்ள போட்டுக் கிண்டியிருக்கு.

சுன்னாகம்: விமான நிலையக் குறி ஜேஏஎப் இருக்கே. ஒரே ஒழுங்கா வருமே.
அது பலாலிக்கு. பருத்தித்துறைக்கு என்ன போடுவியள்? ஒருத்தர் ஜே-யில தொடங்குவார், மற்றவர் யாழ் எண்டு ஒய்-யில தொடங்குவார், காங்கேசன்துறைக்கு எல்லாரும் கேகேஎஸ் எண்டுவினம். கோபுரங்களுக்கெண்டாலும் முதலில பட்டியல் ஒண்டை இணைப்பாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கோ.

சுன்னாகம்: தயாரிப்பாளர் பெயராவது?
இடத்தை விட மோசம். பெட்டியை மாத்தினால் பெயரும் பொய். மாறக்கூடிய எதுவும் பெயருக்குள்ள வேண்டாம்.

கோப்பாய்: ஏற்கனவே பிழையாப் பேர் வைச்சாச்சு. எப்பிடி மாத்திறது?
முதலில டிஎன்எஸ் ரிரிஎல்லை (ஒரு பதிலை எவ்வளவு நேரம் நினைவில வைச்சிருக்கலாம் எண்ட அளவு) குறையுங்கோ. சான்றிதழில பழசும் புதுசும் இரண்டும் இருக்கட்டும். நட்சத்திரக் குறி (*) போட்ட சான்றிதழ் ஒரு புள்ளி மட்டத்துக்குத்தான் செல்லும், இரண்டாம் மட்டத்தில கைவிடும். பிறகு புதுப் பதிவைச் சேர்த்து, என்ஆர்எப் விபரத்தில எப்கியூடிஎன்னை (முழுப்பெயரை) மாத்துங்கோ. பழசை உடன அழிக்காதேங்கோ. மற்றச் செயற்பாடுகள் தேடி எடுத்த விடையை அதில குறிச்ச செல்லுபடிக் காலம் முடியுமட்டும் வைச்சிருக்கும். டிஎன்எஸ் லொக்கில (கேள்விப் பதிவேட்டில) பழைய பெயரை ஒருத்தரும் கேக்காத பிறகுதான் அழிக்கலாம். யூயூஐடி (என்ஆர்எப்பில ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் உள்ள தனி அடையாளம்) மாறத் தேவையில்லை. ஏஎம்எப் எண்டால் அதின்ர அடையாள எண்ணில ரீஜன் 8 பிற், செட் 10 பிற், பொயின்ரர் 6 பிற்: இவை போனுக்குக் குடுத்த தற்காலிக அடையாளத்துக்குள்ளயே கிடக்கு. அந்த எண்ணில கை வைச்சால் அது வெறும் பெயர்மாற்றம் இல்லை.

அறிவியல்நகர் மாணவி: கருத்தை எப்பிடி எழுதி அனுப்பிறது?
பிரிவு எண், இப்ப உள்ள வரி, உங்கட வரி, காரணம். நாலும் வேணும், தங்கச்சி. "தெளிவில்லை" எண்டு மட்டும் எழுதினால் ஆசிரியர் குழு தள்ளிவிடும். கட்டாயத்துக்கு 3ஜிபிபியில ஷல், பரிந்துரைக்கு ஷுட். வரைவின் நாலாம் பிரிவில இரண்டும் கலந்து கிடக்கு, அதைப் பிடியுங்கோ.

உரும்பிராய்: டேற்றா கார்ட் போட்டும் வேலை செய்யேல்லை.
கடையில கேளுங்கோ.

வல்வெட்டித்துறை: தமிழிலேயே பெயர் வைக்கலாமோ?
திரையில வையுங்கோ. டிஎன்எஸ்ஸுக்குள்ள அது எக்ஸ்என் எண்டு தொடங்கிற எழுத்துக் குவியலாத்தான் போகும்.

இணுவில்: 02ஐ 020 ஆக்கினாலும் மூண்டு இலக்கம்தானே?
நல்லூர்க்காரருக்கு எழுதினதை வாசிக்கேல்லையோ? சைபர் முன்னால. 020 வேறயொரு குறி.

திருநெல்வேலி: எங்களுக்கு 11. அதுக்கும் சைபரோ?
011. முன்னால.